கத்திரி வெயிலில் வானியல்: பந்துக் கண்ணாடி, வாஷர், மூக்குக் கண்ணாடி வில்லை

சவ்வாது மலையடிவாரத்தில், போளூரை ஒட்டிய ஓர் ஊரின் அரசுப் பள்ளியில், எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக 2024 மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் நடத்திய கோடை முகாமின் செய்முறைக் குறிப்புகள் இவை. வானியல் முகாம் என்றாலே இரவில் தொலைநோக்கி, அதன் பின்னால் நீண்ட வரிசை, ஆளுக்கு அரை நிமிடம் சனிக்கோளின் வளையம் என்றுதான் வழக்கமாகத் திட்டமிடுவார்கள். அந்த மே மாதத்தில் அதற்கு வழியில்லை. வியாழன் மே 18 அன்று சூரியனோடு ஒரே திசைக்கு வருவதாக இருந்ததால் ஏற்கெனவே வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. வெள்ளியும் சூரியனுக்கு அருகிலேயே இருந்தது. சனியையும் செவ்வாயையும் பார்க்க விடியலுக்கு முன் எழ வேண்டும். மாலை வானத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள் ஒன்றுகூட இல்லை. ஆகவே முகாமின் பெரும்பகுதியைப் பகலுக்கு மாற்றி, சூரியனையே பாடமாக வைத்துக்கொண்டோம். எனக்கு இதில் வருத்தமில்லை. வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகும் மாணவர் எதையும் அளப்பதில்லை. சூரியனையோ ஒரு வகுப்பே சேர்ந்து, அடிக்கோல் வைத்து, மணிக்கணக்கில் அளக்கலாம்.

முதலில் செய்தது பந்துக் கண்ணாடி. 2004-ஆம் ஆண்டு வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்த இடைநகர்வின்போது இந்தியா முழுவதும் அறிவியல் பரப்புநர்கள் கையில் புழங்கிய எளிய கருவி இது. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் பந்து ஒன்றில் சிறு துளையிட்டு, சலித்த ஆற்று மணலை முழுவதுமாக நிரப்பி, துளையை எம்-சீல் கொண்டு அடைக்க வேண்டும். மணல் பாதி நிரம்பிய பந்து வைத்த கோணத்தில் நிற்காமல் உள்ளுக்குள் சரிந்து திரும்பிவிடும் என்பதால், தட்டித் தட்டி நிரப்புவது முக்கியம். நான்கு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைப் பந்தின் மேல் ஒட்டி, அதன்மீது கறுப்பு அட்டையை ஒட்ட வேண்டும். அட்டையில் தேவையான ஓட்டையை அலுவலகப் பஞ்சிங் மெஷினே போட்டுக் கொடுத்துவிடும். அதன் விட்டம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். பந்தை வைப்பதற்குப் பானை வைக்கும் பிரிமணை போதும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கேயே நிற்கும் தாங்கி வேறெதுவும் அந்த விலைக்குக் கிடைக்காது.

ஓட்டையின் அளவு தற்செயலாக அமைந்ததன்று. சுமார் 25 மீட்டர் தொலைவில் பிம்பம் விழ வேண்டுமானால், ஓட்டை பெரிதாக இருக்கும்போது அதன் அகலமே பிம்பத்தை மங்கலாக்கும். மிகச் சிறிதாக்கினால், துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு அதே வேலையைச் செய்யும். இரண்டுக்கும் நடுவே அந்தத் தொலைவுக்குப் பொருந்துவது 5 முதல் 6 மி.மீ. வரையிலான துளையே. மாணவர்களிடம் 3, 6, 12 மி.மீ. எனத் துளையிட்ட மூன்று அட்டைகளைக் கொடுத்து மாற்றி மாற்றி வைக்கச் சொன்னபோது, இந்த விளக்கத்திற்கே தேவை ஏற்படவில்லை.

இடத்தைத் தேர்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது, மேற்குப் பார்த்த வாசல் உள்ள வகுப்பறையையே எடுத்துக்கொள்ள வேண்டும். பந்து அந்த அறைக்கு மேற்கே திறந்த மைதானத்தில் இருக்கும். ஒளி சூரியன் வந்த பக்கமாகவே திரும்பிச் செல்வதால் கண்ணாடி அதிகம் சாய வேண்டியதில்லை, துளையும் குறுகித் தெரியாது. அதோடு அந்த வாசல் காலையில் நிழலில் இருக்கும் என்பதால் அறையை இருட்டாக்குவதும் எளிது. ஜன்னல்களை உரச்சாக்கும் பழைய போர்வையும் கொண்டு அடைத்தோம். சத்துணவுக் கூடத்துக் கரும்புகை படிந்த தார்ப்பாய் ஒன்றும் கிடைத்தது. இருட்டுக்கு அதைவிடச் சிறந்த துணி இல்லை.

பந்திலிருந்து சுவர் வரை டேப்பால் அளந்த தொலைவு 24 மீட்டர். சுவரில் ஒட்டிய வெள்ளைச் சார்ட்டில் விழுந்த பிம்பத்தின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை 22.8 செ.மீ. வந்தது. துளையின் அகலமான 0.6 செ.மீ. இதில் கூடுதலாகச் சேர்ந்திருப்பதால் அதைக் கழிக்க வேண்டும். மீதி 22.2 செ.மீ. தொலைவை இதனால் வகுத்தால் 108.1. அதாவது சூரியன் தன் விட்டத்தைப்போல் 108 மடங்கு தொலைவில் இருக்கிறது என்பதை, பந்தும் டேப்பும் மட்டும் கொண்டு பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டனர். மே மாதத்தின் அந்த நாட்களில் சூரியன் நம்மிடமிருந்து 15.1 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. அந்த எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவுடன் விட்டம் 13.97 லட்சம் கி.மீ. என்று வந்தது, ஏற்கப்பட்ட மதிப்பு 13.92 லட்சம். துளையின் 0.6 செ.மீ.-ஐக் கழிக்காத குழுவுக்கு 14.3 லட்சத்துக்கு மேல் வந்தது. கழித்தவர்கள் கழிக்காதவர்களுக்கு ஏன் கழிக்க வேண்டும் என்று விளக்கிய அந்த வாக்குவாதத்தை நான் நடுவில் புகுந்து கெடுக்கவில்லை.

பிம்பம் சுவரில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதையும் வீணாக்க வேண்டியதில்லை. ஒரு கோட்டைப் பிம்பத்தின் முன்விளிம்பு தொடும் நொடியிலிருந்து பின்விளிம்பு கடக்கும் நொடி வரை கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சில் குறித்தோம். சராசரி 133 நொடி. பூமி 240 நொடிக்கு ஒரு பாகை சுழல்கிறது என்பதால் சூரியனின் கோண அகலம் 0.554 பாகை என்று கிடைத்தது. உண்மையில் அது 0.53 பாகைக்கும் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசம் ஸ்டாப்வாட்ச்சின் பிழை அன்று. சூரியன் அன்று வான நடுக்கோட்டில் இல்லை, அதற்கு 17.5 பாகை வடக்கே இருந்தது. அங்கே அது சுற்றும் வட்டம் சிறியது. 17.5 பாகையின் கொசைன் மதிப்பால் பெருக்கியதும் 0.528 வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. பூகோள உருண்டையில் நூல் வைத்து, நடுக்கோட்டின் சுற்றளவையும் 60 பாகை அட்சக்கோட்டின் சுற்றளவையும் அளக்கச் சொன்னதும் தயக்கம் தேவையற்றதாகிவிட்டது.

மே 9 காலையில்தான் முகாமின் போக்கே மாறியது. பிம்பத்தை அளந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, “சார், கண்ணாடியில அழுக்கு ஒட்டியிருக்கு” என்றாள். பிம்பத்தின் மையத்திற்குச் சற்றுத் தள்ளி, மூன்று செ.மீ. நீளத்தில் நீள்வட்டமான சாம்பல் நிறத் தடம் ஒன்று தெரிந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும்; ஆயினும் சொல்லவில்லை. அழுக்கு என்றால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்றேன். சார்ட்டில் உள்ள கறையா என்று பார்க்க ஒருவன் பந்தை லேசாகத் திருப்பினான். பிம்பம் ஒரு முழம் நகர்ந்தது, தடமும் கூடவே நகர்ந்தது. ஆகவே சுவர் இல்லை. கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார்கள், தடம் போகவில்லை. வேறொரு பந்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதிலும் அதே இடத்தில் அதே தடம். கண்ணாடியின் நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் வேண்டுமென்றே ஒரு புள்ளி வைத்துப் பார்த்தபோது பிம்பம் மொத்தமாகச் சற்று மங்கியதே தவிர, புள்ளி எதுவும் சுவரில் தெரியவில்லை. சுவரிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை என்றால் மீதி இருப்பது சூரியன் மட்டும்தான் என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

13664 என்று எண்ணிடப்பட்ட சூரியப்புள்ளித் தொகுதி அது. அருகிலிருந்த 13668-ஆம் தொகுதியோடு இணைந்து, சூரியனின் அப்போதைய பதினோராண்டுச் சுழற்சியில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. 22 செ.மீ. பிம்பத்தில் பூமியை அதே அளவுகோலில் வரைந்தால் 2 மி.மீ.; ஒரு கடுகு. கடுகைச் சார்ட்டின் மேல் வைத்து, தடத்தின் நீளத்துக்கு எத்தனை கடுகு வரிசையாக வைக்கலாம் என்று எண்ணினார்கள். பதினைந்து வந்தது. விண்கலங்களின் படங்களிலிருந்து வெளியான மதிப்பீடும் அதை ஒட்டியதே.

தடத்தின் உள்ளமைப்பைப் பார்க்கப் பந்துக் கண்ணாடி போதாது. பள்ளிக்கு இரவலாக வந்திருந்த 60 மி.மீ. வில்லைத் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லைக்குப் பின்னால் அட்டையைப் பிடித்து, 15 செ.மீ. அகலத்தில் சூரியனை வீழ்த்தினோம். இந்த முறையில் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொலைநோக்கிக்குள் எவரும் கண் வைத்துச் சூரியனைப் பார்க்கக் கூடாது. நொடியில் பார்வை போகும். பக்கத்திலிருக்கும் குறிபார்க்கும் சிறு குழலைக் கழற்றியே வைத்துவிட வேண்டும், மூடி போட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. மூடியைக் கழற்றும் ஆர்வமுள்ள மாணவர் ஒவ்வொரு முகாமிலும் இருப்பார். சூரியனை நோக்கித் திருப்ப, குழலின் நிழல் தரையில் மிகச் சிறியதாகும்படி பார்த்துத் திருப்பினாலே போதும். கண்ணருகு வில்லை, பசையால் ஒட்டிய கண்ணாடிகள் இல்லாத ஹைகன்ஸ் வகையாக, உலோக உடலுடையதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உடலாக இருந்தால் வெப்பத்தில் இளகிவிடும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முன்வாயை மூடி ஆறவிட வேண்டும். கருவியருகே பெரியவர் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும்.

அட்டையில் அந்த ஒற்றைத் தடம் பல கரும்புள்ளிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய ஓரத்தோடு தெரிந்தது. 15 செ.மீ. வட்டம் வரைந்த தாளை அட்டையில் ஒட்டி, புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே படியெடுத்தார்கள். படத்தில் திசை குறிக்கத் தொலைநோக்கியை அசைக்காமல் விட்டாலே போதும். பிம்பம் எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அது மேற்கு. கண்ணாடியில் இடம்வலம் மாறுவது, வில்லையில் தலைகீழாவது போன்ற குழப்பங்கள் எதுவும் இந்த விதியைப் பாதிப்பதில்லை. ஒரு புள்ளி ஓடும் பாதையைக் கோடாக வரைந்துகொண்டால் கிழக்கு-மேற்குக் கோடும் கிடைத்துவிடும்.

மே 9 முதல் 12 வரை, காலை ஒன்பதரை மணியளவில், இந்தப் படியெடுப்பு நடந்தது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, தொகுதி நாளுக்கு நாள் மேற்கு விளிம்பை நோக்கி நகர்ந்திருந்தது. விளிம்பை நெருங்க நெருங்க நீளமும் குறுகியிருந்தது. அவர்கள் எதிர்பாராதது, அது நகர்ந்த பாதை கிழக்கு-மேற்குக் கோட்டுக்கு இணையாக இல்லாமல் ஏறக்குறைய 22 பாகை சாய்ந்திருந்தது. பூமியின் அச்சும் சூரியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையல்ல. நாம் இருக்கும் இடத்தைப் பொறுத்து இந்தச் சாய்வு ஆண்டு முழுவதும் மாறும். ஏப்ரல் தொடக்கத்தில் 26 பாகையை எட்டி, ஜூலை முதல் வாரத்தில் சுழியாகும். இதைச் சொல்லி, பாதையின் வழியாகவே ஒரு நாணை வரையச் சொன்னேன். தொகுதி சூரியனின் நடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததால் அந்த நாணின் பாதி நீளம் 7.5 அன்று, 7.1 செ.மீ. நாணின் நடுவிலிருந்து தொகுதி, 9-ஆம் தேதி 2.7 செ.மீ. தொலைவிலும் 12-ஆம் தேதி 6.2 செ.மீ. தொலைவிலும் இருந்தது. சைன் அட்டவணையைப் பார்த்துக் கோணமாக மாற்றினால் மூன்று நாளில் 38.5 பாகை; ஒரு முழுச் சுற்றுக்கு 28 நாள். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒருமுறை தன்னைத்தானே சுற்ற ஆவது சுமார் 27 நாள். நாணுக்குப் பதிலாக முழு ஆரத்தையே வைத்துக் கணக்கிட்டால் 31 நாள் என்று தவறாக வரும் என்பதையும் போட்டுப் பார்த்தார்கள்.

மே 10 பகல் 12.24 மணிக்கு இதே தொகுதியில், மிக வலுவானவற்றுக்கான எக்ஸ் வகையில் 3.9 அளவுள்ள சூரியக் கிளர்ச்சி உச்சத்தை எட்டியது. சாதாரண வெள்ளொளியில் அது நமக்குத் தெரிவதில்லை. நாங்கள் அந்த நேரத்தில் நிழலை அளந்துகொண்டிருந்தோம். முந்தைய நாட்களில் இந்தத் தொகுதியிலிருந்து கிளம்பிய மின்மத் துகள்கள் அன்றிரவு பூமியை அடைந்து, 2003 அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாக மிக உயர்ந்த ஜி5 நிலைக் காந்தப்புயலை உண்டாக்கின. லடாக்கின் ஹன்லேயில் உள்ள இந்திய வான் ஆய்வகத்தின் கேமராக்களில் சிவப்பு நிறத் துருவ ஒளி பதிவானது. அந்தப் படம் மறுநாள் கைப்பேசிகளில் வந்தபோது, அதற்குக் காரணமான தொகுதியின் பென்சில் படம் பிள்ளைகளின் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. இப்படிப்பட்ட தற்செயலை எந்த முகாமும் திட்டமிட முடியாது. சூரியனை நாள்தோறும் படியெடுக்கும் வழக்கம் இருந்தால்தான் அது வரும்போது கைக்குக் கிடைக்கும்.

நிழல் அளவைக்கு வருகிறேன். உச்சிவேளையில் நிழல் காலடியில் இருக்கும், இல்லாவிட்டால் வடக்கே விழும் என்பதே பொதுவான எண்ணம். எங்கள் ஊரில் ஏப்ரல் 22, 23-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுவதால், மே மாதம் முழுவதும் நண்பகல் நிழல் தெற்கில்தான் விழும். வெறும் குச்சியை நட்டால் நிழலின் நுனி மங்கலாகி, ஒரு செ.மீ. வரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஆகையால் குச்சிக்குப் பதிலாக, 1 மீட்டர் உயரத்தில் இரும்புச் சட்டம் ஒன்றைக் கிடையாக நீட்டி, அதன் முனையில் 4 மி.மீ. துளையுள்ள வாஷரைப் பொருத்தினோம். துளையின் வழியே தரையில் விழுவது ஒரு சிறிய சூரிய வட்டம். அதன் மையத்தை ஒரு மி.மீ. துல்லியத்தில் குறிக்கலாம். துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளியைக் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் குறித்தோம். சிமெண்டுத் தரை பார்வைக்குச் சமமாக இருந்தாலும் மழைநீர் வடியச் சற்றுச் சாய்த்தே போட்டிருப்பார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒட்டுப்பலகை ஒன்றை அட்டைத்துண்டு செருகிச் சமன்படுத்தி, அதன்மேல் தாளை ஒட்டினோம்.

பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. சூரிய வட்டம் தாளின் மேற்கிலிருந்து கிழக்காக, ஏறக்குறைய நேர்கோடாகவே சென்றது. தூக்குக்குண்டுப் புள்ளிக்கு அது மிக அருகே வந்தது 12.10 மணிக்கு, அப்போது அது 9.1 செ.மீ. தெற்கே இருந்தது. பன்னிரண்டுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி உடனே எழுந்தது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கானது. நாமோ அதற்கு மூன்று பாகைக்கும் அதிகமாக மேற்கே இருக்கிறோம், அதற்குப் பதின்மூன்றரை நிமிடம் தாமதம். மே மாதத்தில் சூரியன் கடிகாரத்தைவிட மூன்றரை நிமிடம் முந்தி ஓடுகிறது. இரண்டையும் சேர்த்தால் 12.10.

அதே நாளில் நாகர்கோவிலில் நண்பர்கள் அதே அளவு வாஷரோடு அளந்தார்கள். அங்கே நண்பகல் ஏழு நிமிடம் பிந்தி 12.17-க்கு, நிழல் 17 செ.மீ. எங்கள் கோணம் 5.20 பாகை, அவர்களுடையது 9.65, வித்தியாசம் 4.45. இரண்டு ஊருக்கும் இடையிலான வடக்கு-தெற்குத் தொலைவு தெரிந்தால் பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்ததைப் போலப் பூமியின் சுற்றளவு வந்துவிடும். பேருந்துத் தொலைவைப் போட முயன்றவர்களை வரைபடத்தின் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. வரைபடத்தின் ஓரத்திலுள்ள அட்சரேகைப் பாகைகளைக் கழித்து, ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால், எதைக் கண்டுபிடிக்கப் போகிறோமோ அதையே கணக்கில் வைத்துவிடுகிறோம். வரைபடத்தின் கி.மீ. அளவுகோலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அந்தக் கிலோமீட்டருக்கு அடிப்படை வேறு. 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் குமரிமுனைப் பக்கம் வரை கொண்டுபோன நில அளவையில் தொடங்கிய மரபு அது. அளவுகோலால் வந்த தொலைவு 480 கி.மீ. சுற்றளவு 38,800 கி.மீ.-ஐ ஒட்டி வந்தது. துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008. ஒரு மி.மீ. பிசகினால் விடை 500 கி.மீ. மாறும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகு, மூன்று சதவீதப் பிழை மாணவர்களுக்குத் தோல்வியாகத் தெரியவில்லை. சட்டத்தை 2 மீட்டர் உயரத்தில் வைத்திருந்தால் பிழை பாதியாகும். ஆனால் காற்றில் வாஷர் ஆடத் தொடங்கும்.

இரவு வேலையைச் சுருக்கமாகவே வைத்துக்கொண்டோம். மூக்குக் கண்ணாடிக் கடையில் பிளஸ் 1 பவர் உள்ள வெட்டாத வில்லை கிடைக்கும். அதன் குவியத் தொலைவு 1 மீட்டர். 75 மி.மீ. பி.வி.சி. குழாயின் முன்வாயில் அதைக் குவிந்த பக்கம் வெளியே இருக்கும்படி பொருத்தி, பின்வாயில் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸை வைத்தால் 40 மடங்கு உருப்பெருக்கம். முன் வில்லையை அப்படியே விட்டால் நிலவின் ஓரமெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாக வழியும். 30 மி.மீ. துளையுள்ள கறுப்பு அட்டையை முன்னால் வைத்ததும் பெருமளவு அடங்கிவிட்டது. வெளிச்சம் குறைந்தாலும் நிலவுக்கு அது போதும். குழாயின் உட்புறத்தைக் கரும்பலகைப் பெயிண்டால் பூசாவிட்டால் படம் வெளிறும். மே 12 மாலை பிறை நன்கு வளர்ந்திருந்தது. ‘நெருக்கடிக் கடல்’ என்னும் கருநிற வட்டச் சமவெளியும் ஒளி-இருள் எல்லையருகே இருந்த பள்ளங்களும் தெளிவாகவே தெரிந்தன. குழாயைக் கையில் பிடித்தால் எதுவும் நிற்காது. ஜன்னல் கம்பியிலும் நாற்காலி முதுகிலுமாக இரண்டு இடத்தில் தாங்கிக் கட்டிய பிறகே அனைவரும் பார்க்க முடிந்தது. ஒன்பதரை மணிவாக்கில் திரிசங்கு எனப்படும் தென்சிலுவை தெற்கே 17 பாகை உயரத்தில் நின்றது. மலைப்பக்கமாக மேகம் ஏறியதும் அன்றைய வேலையை முடித்துக்கொண்டோம்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். நிழலில்லா நாள் குமரிமுனையில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், மதுரையில் 16-ஐ ஒட்டியும், சென்னையில் 24-ஐ ஒட்டியும் வருகிறது. எல்லாம் தேர்வுக் காலம். மே மாத முகாமில் அது கிடைக்காது. ஆனால் சூரியன் தெற்கே திரும்பும்போது இரண்டாவது முறை வரும். எங்கள் ஊருக்கு அது ஆகஸ்ட் 19, 20. பள்ளி நடக்கும் காலம் என்பதால் இரும்புச் சட்டத்தைக் கழற்றாமல் அப்படியே விட்டுவைத்து, தூக்குக்குண்டுப் புள்ளியைப் பெயிண்டால் குறித்து, அந்த நாட்களின் நண்பகல் நேரத்தைக் கணக்கிடும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பாரிடம் கொடுத்திருக்கிறோம். அந்த மாதத்தில் கடிகாரத்தைவிடச் சூரியன் மூன்று நிமிடத்துக்கு மேல் பிந்துவதால், 12.10 என்ற பழைய விடை செல்லாது, 12.17 வர வேண்டும்.